சோலையும் முதல் நான்கு விசைகளும்

ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் சோலை எஃப்-2 விசையை அழுத்தினான். அதை அழுத்தினால் எழுதியது சேமிக்கப்பட வேண்டும். இருபது வருடத்துக்கும் மேலாக அப்படித்தான் நடந்திருக்கிறது. அன்று சேமிக்கப்படவில்லை. திரையில், அவன் எழுதியிருந்த வரியில் இரண்டு சின்ன ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்துகளாக மாறி நின்றன.

தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு எஃப்-3 அழுத்தினான். அது ஒரு சொல்லைத் தேடித் தரும் விசை. தேடவில்லை. இந்த முறை மூன்று எழுத்துகள் மாறின. எஃப்-4 அழுத்தியபோது நான்கு. சோலை நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தான்.

மதுரை கே.கே. நகரில் ஒரு பல் கிளினிக்கின் மாடியில் இருக்கிறது அவன் அலுவலகம். பள்ளிக்கூடங்களுக்கு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் அச்சிடும் மென்பொருளை எழுதிக் கொடுக்கும் சிறிய நிறுவனம். பன்னிரண்டு பேர். அதில் பதினொரு பேர் வண்ணவண்ணமான திரையில், மவுஸைத் தட்டித் தட்டி நிரல் எழுதுகிறவர்கள். சோலை மட்டும் கறுப்புத் திரை. தூரத்தில் இருக்கும் சர்வருக்குள் தன் லேப்டாப்பிலிருந்து நுழைந்து, அங்கேயே இருக்கும் பழைய எடிட்டரில் எழுதுவான். அதில் மவுஸுக்கு வேலை கிடையாது. எல்லாம் விசைகள்தான்.

பழக்கத்தால் மட்டும் அவன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. சோலைக்கு இடது கையில் மூன்று விரல்தான்.

பேரையூர்ப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருந்த குடும்பம். பதினாலு வயதில், மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டும் மிஷினில் கை போய்விட்டது. சுண்டு விரலும் மோதிர விரலும் அடியோடு போயின. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் தப்பின. பத்தாவது முடித்து டைப்ரைட்டிங் படிக்கப் போனபோது, இன்ஸ்டிட்யூட் நடத்தியவர் அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பத்து விரலுக்குன்னு செஞ்ச மிஷின் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். அந்த வருத்தம்தான் சோலைக்கு ஆகாது. ஊரில் யாரைப் பார்த்தாலும் அதே முகம்.

அப்படி முகத்தை வைத்துக்கொள்ளாமல் அவன் கையைப் பார்த்த முதல் ஆள் ஆல்பின். தொண்ணூற்றெட்டில், மதுரைக் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் இரண்டு பேருக்கு ஒரு மிஷின். சோலையும் ஆல்பினும் ஒரே மிஷினில் விழுந்தார்கள். ஆல்பின் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக் கிளார்க்கின் மகன். மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவன், ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். அந்த எடிட்டரில் பாதிக் கட்டளைகளுக்கு இடது ஓரத்துக் கன்ட்ரோல் விசையை அமுக்கிக்கொண்டே இன்னொரு விசையைத் தட்ட வேண்டும். மற்றவர்கள் சுண்டு விரலால் அமுக்குவார்கள். சோலை கட்டைவிரலை உள்ளே மடக்கி, மணிக்கட்டைத் திருப்பி அமுக்குவான். அரை மணி நேரத்தில் கை மரத்துவிடும். ஆல்பின் இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்றாவது நாள் ஒரு வெள்ளைத்தாளில் கீபோர்டை அப்படியே வரைந்துகொண்டு வந்தான்.

"கையை இது மேல வை மாப்ள. நடுவிரல் எம்புட்டு தூரம் போகுது, காட்டு."

சோலை வைத்தான். விரல் சுலபமாக எட்டும் இடத்தையெல்லாம் ஆல்பின் பென்சிலால் வட்டம் போட்டான். மேல்வரிசையின் இடது கோடியில் எஃப்-1 முதல் எஃப்-5 வரை வட்டத்துக்குள் வந்தன. வலது கைக்குக் காற்புள்ளி விசை வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அவன் ஒரு கோப்பு எழுதினான். எடிட்டர் திறக்கும்போது முதலில் அந்தக் கோப்பைப் படிக்கும். எந்த விசைக்கு என்ன வேலை என்று அதில் இருக்கும். மறுநாள் சோலை இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் தட்டினான். கை மரக்கவில்லை. அன்றைக்கு ஆல்பினுக்கு டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தான். நன்றி என்று வாயால் சொல்ல வரவில்லை. ஆல்பினும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது டம்ளர் கேட்டான்.

இரண்டாயிரத்து ஒன்றில் இருவரும் இதே நிறுவனத்தில் சேர்ந்தார்கள். பத்து வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. கோப்பும் வளர்ந்தது. சோலை எதற்காவது தடுமாறினால் ஆல்பின் எழுந்து வந்து, நின்றபடியே ஒரு வரி சேர்த்துவிட்டுப் போவான். ஒவ்வொரு வரிக்கும் மேலே, கணினி கண்டுகொள்ளாத குறிப்பாக, ஆங்கில எழுத்தில் தமிழில் ஏதாவது எழுதி வைப்பான். 'இது நடுவிரலுக்கு.' 'கமா ரெண்டு தட்டு, பக்கம் மாறும்.' 'இன்னிக்கு மாப்ளைக்குக் கல்யாணம். ஆபீஸ்ல ஆள் இல்ல. சும்மா இருக்க முடியாம இதை எழுதினேன்.' எத்தனையோ கம்ப்யூட்டர் மாறியும் அந்தக் கோப்பு கூடவே வந்தது. சோலைக்கு அது ஒரு நோட்டுப் புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. வேலை இல்லாத மத்தியானங்களில் சும்மா திறந்து வாசிப்பான்.

இப்போது அந்தக் கோப்புதான் வேலை செய்யவில்லை. பாதுகாப்புக்காக எல்லோருக்கும் புது லேப்டாப் கொடுத்து, பழையவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். புதியதைத் திறந்த முதல் நாளே இப்படி.

குழுவுக்குத் தலைவி சத்யப்ரியா. முப்பது வயது, வேலையில் கெட்டிக்காரி. செவ்வாய்க்கிழமை அவன் மேசைக்கு வந்தாள்.

"சோலை அண்ணே, ஸ்கூல் திறந்து டிசி எல்லாம் குவியுது. இன்னும் செட் ஆகலையா?"

"பார்த்துக்கிட்டிருக்கேன்மா."

"நம்ம எல்லாரும் யூஸ் பண்ற எடிட்டருக்கு வந்துருங்களேன். மவுஸ்லயே எல்லாம் முடிஞ்சிரும். எதுக்கு இம்புட்டு கஷ்டம்?"

அவள் அக்கறையாகத்தான் கேட்டாள். சோலை அதற்கு முந்தின நாளே அந்த எடிட்டரை முயன்று பார்த்திருந்தான். வலது கை மவுஸுக்குப் போய்விட்டால் கீபோர்டில் மிஞ்சுவது இடது கையின் மூன்று விரல்தான். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆனது. இதைச் சொன்னால் போதும். 'என் கைக்கு அது சரிப்படாது' என்ற ஒரு வாக்கியத்துக்கு அவள் அலமாரியைத் திறந்து பழைய லேப்டாப்பை எடுத்துக் கொடுத்துவிடுவாள், அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க மாட்டாள். வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சோலை அதை விழுங்கிக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடும்மா."

அப்படி ஒரு வாக்கியத்தை அவன் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறான். அதைச் சொன்னது ஆல்பினிடம்.

இரண்டாயிரத்துப் பதினொன்று. சொந்தமாக நிறுவனம் தொடங்கலாம் என்றான் ஆல்பின். "எங்க வீட்டு மாடி சும்மாதான் கிடக்கு. ஆறு ஸ்கூல் வாரேன்னு சொல்லிருக்கு. நீயும் நானும் போதும்டா" என்றான். சோலை சரி என்றான். நாலு மாதம் அதே பேச்சு. நிறுவனத்துக்கு என்ன பெயர் வைக்கலாம், மாடிக்கு எந்தப் பக்கம் ஜன்னல் போடலாம் என்பது வரைக்கும் பேசினார்கள். ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மத்தியானம், அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டு சோலை தன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். "இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் எங்கடா புதுசா ஆரம்பிக்கிறது?" என்றான்.

ஆல்பின் ஒரு படி கீழே இறங்கி நின்றான். பிறகு, "பதிமூணு வருசமா நான் அதைப் பெருசா நினைச்சதே இல்ல சோலை. இன்னைக்கு நீயா தூக்கிக் காட்டுற" என்றான். மாப்ள என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டுப் போனான். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. சண்டை போட்டிருந்தால் ஒருவேளை சமாதானமும் ஆகியிருக்கும். பேச்சு நின்றது நின்றதுதான். பதினாலு வருடம் ஓடிவிட்டது.

புதன்கிழமை சோலை முறையாக உட்கார்ந்தான். முதல் சந்தேகம் கோப்பின் மேல். அதை எடிட்டர் படிக்கவே இல்லையோ? காற்புள்ளியை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தான். பக்கம் மாறியது. எஃப்-5 அழுத்தினான். நிரல் ஓடியது. ஆக, கோப்பு படிக்கப்படுகிறது. முதல் நான்கு விசைகள்தான் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. அடுத்து கீபோர்டைச் சோதித்தான். இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து எஃப்-3 அழுத்தினால், தேடும் பெட்டி ஒழுங்காகத் திறக்கிறது. ஆக, விசையும் நல்ல விசைதான். விசையும் சரி, கோப்பும் சரி. கோளாறு இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

அன்று சாயங்காலம் பைக்கில் வீட்டுக்குப் போகும்போது, அண்ணா நகர் சிக்னலில், ஆல்பின் முன்பு சொன்னது காதில் விழுந்தது போல ஞாபகம் வந்தது. இரண்டாயிரத்து மூன்றில் ஒரு தடவை அம்புக்குறி விசைகள் மக்கர் செய்தபோது சோலை எடிட்டரைத் திட்டிக்கொண்டிருந்தான். ஆல்பின் வந்து, "கீ என்ன பேசுதுன்னு முதல்ல கேட்டியா? அதைக் கேட்காம அவனை ஏன்டா திட்டுற?" என்றான். கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கட்டளை உண்டு. பெயர் 'கேட்', ஆங்கிலத்தில் பூனை. அதனால் இருவரும் அதைப் பூனை என்பார்கள். எது உள்ளே வருகிறதோ அதை அப்படியே திருப்பிக் காட்டும். வேறொன்றும் செய்யாது. பூனையை உட்கார வைத்துவிட்டு விசையை அழுத்தினால், அந்த விசை உண்மையில் என்ன குறியீட்டை அனுப்புகிறது என்று தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை காலை சத்யப்ரியாவிடம் கேட்டுப் பழைய லேப்டாப்பை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வாங்கினான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் பூனையைக் கூப்பிட்டான். பழையதில் எஃப்-3 அழுத்தினால் கடைசியில் ஆர் என்ற எழுத்து வந்தது. புதியதில் அதே விசைக்கு ஓர் அடைப்புக்குறி, பதின்மூன்று என்ற எண், ஒரு நெளிகோடு வந்தன. எஃப்-5 இரண்டிலும் ஒரே மாதிரி. எஃப்-1 முதல் எஃப்-4 வரை மட்டும் வேறு.

சோலைக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. புது லேப்டாப்பில் சர்வரோடு இணைக்கும் செயலி வேறு. அது முதல் நான்கு விசைகளை வேறு குறியீட்டில் அனுப்புகிறது. எடிட்டருக்கு அது தெரியவில்லை. முன்பாதியைப் புரியாமல் தள்ளிவிட்டு, கடைசியில் மிஞ்சிய 'மூன்று, நெளிகோடு' என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்த எடிட்டரில் நெளிகோட்டுக்கு அர்த்தம், சின்ன எழுத்தைப் பெரிதாக்கு. மூன்று என்றால் மூன்று எழுத்து. பாவம், அது சொன்னதைச் செய்திருக்கிறது. சோலை வாய்விட்டுச் சிரித்தான். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

செயலியின் அமைப்பை மாற்றினால் ஒரே தட்டில் முடியும். ஆனால் அதை நிறுவனம் பூட்டி வைத்திருந்தது. மிச்சம் ஒரே வழி. இந்தப் புதுக் குறியீடு வந்தாலும் அது எஃப்-3தான் என்று எடிட்டருக்குக் கோப்பிலேயே எழுதிச் சொல்லிவிட வேண்டும். நாலு விசைக்கு நாலு வரி. அவை கோப்பின் தொடக்கத்தில், முதல் வரிக்கும் மேலே வர வேண்டும். முதல் வரியில் ஆல்பின் எழுதியிருந்தான்: 'சோலை, இதுக்கு மேல நீயா எதுவும் எழுதாத. எழுதணும்னா என்னைக் கூப்பிடு.' சோலை ஒரு தடவை கையை வைத்து எல்லாவற்றையும் குழப்பிய பிறகு எழுதியது. அதன் பின் சோலை அந்தக் கோப்பைத் தொட்டதே இல்லை. ஆல்பின் போய்ப் பதினாலு வருடத்தில் அதில் ஒரு வரி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சோலை அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தான். பிறகு அதற்கு மேல் நாலு வரி எழுதினான். எடிட்டரை மூடித் திறந்து எஃப்-2 அழுத்தினான். சேமிக்கப்பட்டது. எஃப்-3 தேடியது. எஃப்-4, எஃப்-1, எல்லாம் சொன்னபடி கேட்டன. நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பழைய இடத்துக்குப் பழைய வேகத்தில் போய் வந்தன. பழைய லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சத்யப்ரியா காரணத்தைக் கேட்டாள். முழுதும் கேட்டுவிட்டு, "இதை எழுதிக் குடுங்கண்ணே, பொதுப் பக்கத்துல போட்டுருவோம். வேற யாருக்காவது வரும்ல" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சோலை மொட்டை மாடிக்குப் போனான். தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று போனை எடுத்தான். எண் இன்னும் அதேதானா என்றுகூடத் தெரியாது. மணி அடித்தது.

"ஆல்பின், நான் சோலை."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சொல்லு" என்று குரல் வந்தது.

"உன் ஃபைல்ல நாலு வரி எழுதிட்டேன்."

"எந்த ஃபைல்?"

"எடிட்டர் ஷார்ட்கட் ஃபைல். மேல எழுதாதன்னு போட்டிருந்தியே."

"அது இன்னுமா இருக்கு?"

"அதை வச்சுத்தான்டா சோறு திங்கிறேன்."

  ஆல்பின் திண்டுக்கல்லில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பதாகச் சொன்னான். திருப்பரங்குன்றத்தில் அக்கா வீடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான். "சாயங்காலம் நாலு மணிக்கு அங்க ரயில்வே ஸ்டேஷன் எதுக்க இருக்கிற டீக்கடைக்கு வா. வருவேல்ல?" என்று கேட்டான். கேள்வியில் கொஞ்சம் முள் இருந்தது. சோலைக்கு அது புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே போய்விட்டான். மலைக்கு வந்த கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. ஆல்பின் வந்தபோது முதலில் அடையாளம் தெரியவில்லை. தொப்பை போட்டு, முடி முழுக்க நரைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு வாத்தியார் வந்து நின்றார். சட்டைப் பையில் பென்சில் இல்லை. கைகுலுக்க ஆல்பின் வலது கையை நீட்டினான். இருவருக்குமே அது கூச்சமாக இருந்தது.

டீயைக் குடித்துக்கொண்டே சோலை கோளாறு முழுவதையும் விளக்கினான். பதின்மூன்று, நெளிகோடு, மூன்று எழுத்து எல்லாம். ஆல்பின் தலையாட்டிக் கேட்டான். ஆனால் நடுநடுவே, "அந்த எடிட்டர்ல நெளிகோடு எதுக்கு?" என்றான். "பூனையா, எந்தப் பூனை?" என்றான்.

"நான் அதைத் தொட்டே எட்டு வருசம் ஆச்சு மாப்ள. பிள்ளைகளுக்கு இப்ப வேற சொல்லித் தாரோம். சுத்தமா மறந்துபோச்சு."

 இந்த நாலு நாளாக அவன் மனசுக்குள் பேசிக்கொண்டிருந்த ஆல்பின் வேறு. லேபில் அவனோடு ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்திருந்த ஆல்பின். எதிரே இருப்பவனுக்கு அந்த வெள்ளைத்தாளும் பென்சில் வட்டமும் ஞாபகமிருக்குமா என்று கேட்கக்கூடப் பயமாக இருந்தது. கேட்கவில்லை. ஆனால் அவன் மாப்ள என்று சொன்னது மட்டும் காதில் நின்றது.

போனில் கோப்பை எடுத்து நீட்டினான். ஆல்பின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் தள்ளித் தள்ளி வாசித்தான். சோலையின் கல்யாண நாள் குறிப்பு வந்த இடத்தில் நின்றான்.

"பந்திக்கு லேட்டா வந்தேன்ல அன்னைக்கு. ரசம் மட்டும்தான் இருந்துச்சு. கல்யாணப் பொண்ணு ரோகிணிதான் உள்ள போயி மத்ததையெல்லாம் எடுத்துட்டு வந்து வச்சுச்சு" என்றான். சோலைக்கு அது ஞாபகமில்லை. இருவரிடமும் வேறுவேறு பாதி இருந்தது.

டீக்கடைக்காரர் இரண்டாவது டீயை வைத்துவிட்டுப் போனதும் சோலை சொன்னான்.

"அன்னைக்கு நான் பயந்துட்டேன்டா. ரோகிணி மாசமா இருந்தா. மாசச் சம்பளம் நின்னா என்ன ஆகும்னு ராத்திரி தூக்கமே இல்ல. பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரல. கையைச் சொல்லிட்டேன்."

ஆல்பின் டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தான். "நான் ஆரம்பிச்ச அந்தக் கம்பெனி ஒன்றரை வருசத்துல படுத்துருச்சு. நீ வந்திருந்தா ரெண்டு குடும்பமும் தெருவுக்கு வந்திருக்கும். வராததுக்கு எனக்குக் கோவமே கிடையாது" என்றான். கொஞ்சம் கழித்து, "நீ யார்கிட்டயும் அந்தக் கையைக் காட்டிச் சலுகை கேட்டதில்ல. என்கிட்ட வந்து கேட்ட. அப்ப நானும் ஊர்ல நாலு பேர் மாதிரித்தானான்னு தோணிப்போச்சு. அதுதான்" என்றான்.

சோலை தலையாட்டினான்.

"நானும் லேசுப்பட்டவன் இல்ல. உனக்குப் பிள்ளை பிறந்தது தெரியும். பார்க்கலாம்னு அரசரடி வரைக்கும் வந்துட்டு, அப்படியே பஸ் ஏறிப் போயிட்டேன்" என்றான் ஆல்பின்.

அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். இருவருக்கும் சர்க்கரை இருப்பது தெரிந்தது. இரண்டு டீயிலும் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டதும் தெரிந்தது. ஆறு மணிக்கு ஆல்பின் எழுந்தான். "அடுத்த மாசமும் அக்கா வீட்டுக்கு வாரேன். வீட்டுக்கே வந்துர்றேன். ரோகிணிகிட்ட சொல்லு" என்றான்.

சோலை வீடு திரும்பியபோது ரோகிணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரைப் பார்க்கப் போகிறான் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். ஆல்பின் வேலை மாறிப் போனதில் தொடர்பு விட்டுவிட்டது என்றுதான் இத்தனை வருடமும் அவளுக்குத் தெரியும். இப்போது அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, மாடிப்படியில் நடந்ததைச் சொன்னான். கையைத் தூக்கிக் காட்டியதையும் சொன்னான்.

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். "நான் மாசமா இருந்ததுக்காகவா போகல?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. நான் போங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

 அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "அந்த அண்ணே வரும்போது மீன் வாங்குங்க. அதுக்கு விரால் பிடிக்கும்" என்றாள். சோலை கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.